பதின்மூன்று பேரின் எடை

காலை ஏழு இருபதுக்கு அந்த வேன் மேட்டின் அடியில் வந்து நிற்கும். அங்கே நிறுத்தம் என்று பலகையோ நிழற்கூரையோ எதுவும் கிடையாது. வேனுக்கு வயதாகிவிட்டது, அவ்வளவுதான் காரணம். பன்னிரண்டு பேரைச் சுமந்துகொண்டு சமதரையில் சமர்த்தாக ஓடுகிற வண்டி, மேட்டைக் கண்டதும் இருமத் தொடங்கிவிடும். உடனே நாலு பேர் இறங்கிக்கொள்வார்கள். மிச்சம் எட்டுப் பேரோடு வேன் முதல் கியரில் முக்கி முனகி மேலே போய்ச் சேரும். இறங்கின நாலு பேரும் பின்னாலேயே நடந்து வருவார்கள். மூன்று வருஷமாக இதுதான் வழக்கம்.

மேட்டின் உச்சியில் இருப்பது ஒரு பெரிய சலவைக்கூடம். ஆஸ்பத்திரிகளின் படுக்கை விரிப்புகளும் தலையணை உறைகளும் மூட்டை மூட்டையாக லாரியில் வந்து, வெளுத்து, காய்ந்து, இஸ்திரி போட்டுத் திரும்பிப் போகும். நல்ல தண்ணீர் மேலே கிடைக்கிறதென்று மேலே கட்டிவிட்டார்கள். வேலை செய்கிற ஜனங்கள் கீழே கிடைக்கிறார்கள் என்பது கட்டினவர்கள் மண்டையில் ஏறவில்லை. அதற்காகத்தான் இந்த வேன். வேன் வேன்காரருடைய சொந்த வண்டி. அவருக்கும் ஒரு பெயர் இருந்தது என்பதே அவர் மனைவியைத் தவிர எல்லாருக்கும் மறந்து போயிருந்தது.

இறங்குகிற நாலு பேரில் மூன்று பேர் முறை வைத்து மாறிக்கொண்டே இருப்பார்கள். இன்றைக்கு மடிப்பு மேசைப் பெண்கள், நாளைக்குக் கறை எடுக்கிறவர்கள் என்று. நாலாவது ஆள் மட்டும் மாறாது. அது பெரியக்கா.

பெரியக்கா இஸ்திரி உருளையில் நிற்கிறவர். ஈர விரிப்பை இந்தப் பக்கம் கொடுத்தால் அந்தப் பக்கம் அப்பளம் போல வரும் பெரிய உருளை அது. ஐம்பத்தி நாலு வயது. நல்ல ஆகிருதி, முன்சீட்டில் அவர் உட்கார்ந்தால் வேன் ஒரு பக்கம் தலை வணங்கும். அதை யாரும் சொல்வதற்கு முன்னால் அவரே சொல்லிவிடுவார். மூன்று வருஷத்துக்கு முன்னால் முதல்முதலாக வேன் நடுமேட்டில் மூச்சு முட்டி நின்றபோது, எல்லாரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். பெரியக்காதான் கதவைத் திறந்துகொண்டு இறங்கினார்.

"நான் ஒருத்தி இறங்கினா ரெண்டு பேர் இறங்கின கணக்கு. இன்னும் மூணு பேர் வாங்கடி, பேசிக்கிட்டே போவோம்."

எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பில் ஒரு விஷயம் நடந்து முடிந்துவிட்டது. மறுநாளிலிருந்து மற்றவர்களுக்கு முறை வந்தது, பெரியக்காவுக்கு முறை என்பதே இல்லாமல் போனது. யாரும் திட்டம் போட்டு அநியாயம் செய்யவில்லை. அவர் சிரித்துக்கொண்டே செய்தார், அதனால் அது அவர் வேலை ஆகிவிட்டது. நல்ல மனுஷர்கள் இப்படித்தான் மாட்டிக்கொள்வார்கள்.

அந்த மாதம் முதல் வாரத்தில் ஒரு நாள், சாயங்காலம் எல்லாரையும் இறக்கிவிட்டு வரும்போது கடைசியாகப் பெரியக்கா மட்டும் வேனில் இருந்தார். அவர் வீடுதான் கடைசி.

"தம்பி, இந்த மாசக் கடைசியோட நான் நின்னுக்கலாம்னு இருக்கேன்" என்றார், மழை வரும் போலிருக்கிறது என்கிற மாதிரி.

வேன்காரர் வண்டியை ஓரம் கட்டிவிட்டார்.

"என்னக்கா திடீர்னு?"

"முட்டிதான். படம் எடுத்துப் பார்த்தாங்க. உள்ள எலும்போட எலும்பு உரசுதாம். நின்னு வேலை பார்க்கலாமாம், சமதரையில நடக்கலாமாம். மேடு மட்டும் ஏறவே கூடாதுன்னுட்டாரு டாக்டரு. எங்க வேலை இருக்கறது மேட்டுல. அவரு என்ன பண்ணுவாரு பாவம்."

"வேலையை விட்டுட்டு?"

"வீட்டுல உக்காந்திருக்க வேண்டியதுதான்." பெரியக்கா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "அவரு போனதுக்கு அப்புறம் அந்த வீட்டுல பகல்ல நான் இருந்ததே இல்லை தம்பி. எப்படி இருக்கும்னே தெரியலை."

அவருடைய கணவர் இறந்து ஆறு வருஷம் ஆகிறது. பிள்ளைகள் இல்லை. "நீங்க வேன்லயே உக்காந்து வாங்கக்கா, வேற யாராவது இறங்கட்டும்" என்று சொல்லலாமே என்று வாசிக்கிறவர்களுக்குத் தோன்றும். வேன்காரரும் அதைத்தான் சொன்னார்.

"எனக்குப் பதிலா ரெண்டு பேர் இறங்கணும் தம்பி. தினம் என்னால ரெண்டு பேர் நடக்கறதா? அதுக்கு நான் வீட்டுல இருந்துக்கறேன்."

அதற்கு மேல் பேச இடம் கொடுக்காமல் இறங்கிப் போய்விட்டார். இறங்கும்போது கதவுக் கம்பியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டதை வேன்காரர் அன்றைக்குத்தான் பார்த்தார். எத்தனை நாளாக அப்படிப் பிடிக்கிறார் என்று யோசித்துப் பார்த்தார், தெரியவில்லை. அதுதான் அவரைச் சுட்டது.

வேனை நேராக மச்சானின் பட்டறைக்கு விட்டார். மச்சான் என்றால் மனைவியின் தம்பி. டீசல் மெக்கானிக். ஆள் ஒட்டடைக் குச்சி மாதிரி இருப்பான். கையில் எண்ணெய் இல்லாத நாளே கிடையாது. தொழில்காரர்கள் அவனுக்கு வைத்த பட்டப்பெயர் 'கால் திருகு'. எந்த ஸ்க்ரூவையும் அவன் ஒரேயடியாகத் திருப்ப மாட்டான். கால் சுற்று திருப்புவான், ஓட்டிப் பார்ப்பான், எழுதி வைப்பான், மறுபடி கால் சுற்று. அவனிடம் வண்டி விட்டவர்களுக்குப் பொறுமை தானாக வந்துவிடும்.

"எஞ்சினுக்குப் பலம் ஏத்தணும் மச்சான். பன்னெண்டு பேரோட மேடு ஏறணும். மாசக் கடைசிக்குள்ள."

மச்சான் பானெட்டைத் தூக்கிப் பார்த்துவிட்டு, பெரியவர்கள் பழைய உறவினரைப் பார்க்கிற மாதிரி எஞ்சினைப் பார்த்தான்.

"இதுக்கே இருவத்திரண்டு வயசு மாமா. பலம் ஏத்தலாம். ஆனா பலம் சும்மா வராது, ஆயுசுல இருந்துதான் எடுக்கணும். எவ்வளவு வேணும்னு சரியா சொன்னா, அவ்வளவு மட்டும் எடுத்துத் தர்றேன். 'கொஞ்சம் தாராளமா போடு'ன்னு சொன்னீங்கன்னா பிஸ்டன் உருகி மேட்டுலயே படுத்துடும்."

ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும்தான் வண்டி சும்மா நிற்கும். முதல் ஞாயிறு முழுக்கச் சுத்தம் செய்வதிலேயே போனது. ரேடியேட்டரைக் கழற்றிக் கொதிக்கவைத்துத் துரு எடுத்தான். டீசல் பீச்சுகிற நாசில் நாலையும் கழற்றிச் சோதித்தான். இரண்டு, டீசலைத் தூவுகிறதற்குப் பதிலாக ஒழுகவிட்டுக்கொண்டிருந்தன. வால்வுகளைச் சரி செய்தான். பிரேக்கையும் பிரித்து, நாலு சக்கரத்துக்கும் புது லைனிங் போட்டான். "ஏறணும்னுதான்டா சொன்னேன்" என்று வேன்காரர் அவசரப்பட, "ஏறினா சாயங்காலம் இறங்க வேண்டாமா மாமா?" என்று கேட்டு வாயை அடைத்தான்.

இரண்டாவது ஞாயிறுதான் பெரிய வேலை. இதே இனத்து வேன் ஒன்று விபத்தில் நசுங்கிப் பழைய இரும்புக் கடையில் கிடந்தது. அதிலிருந்து ஒரு டர்போவைப் பெயர்த்துக்கொண்டு வந்திருந்தான். கைக்கு அடக்கமான நத்தைக்கூடு மாதிரி ஒரு சாமான். புகை சும்மா வெளியே போகாமல் அதற்குள் இருக்கிற சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போகும்; அந்தச் சக்கரம் வெளிக்காற்றை எஞ்சினுக்குள் திணிக்கும். காற்று கூடினால் டீசலும் கொஞ்சம் கூட்டிக் கொடுக்கலாம், பலம் ஏறும். சொல்வதற்கு இவ்வளவுதான். செய்வதற்குக் காலை ஆறிலிருந்து விளக்கு வைக்கிற நேரம் வரை ஆனது. சைலன்சர் குழாயை அகலமாக்கி, எண்ணெய் போக ஒரு குழாய், வர ஒரு குழாய் பற்றவைத்து, இடம் போதாமல் பாட்டரியை இடம் மாற்றி, மச்சானின் இரண்டு முழங்கையிலும் தோல் வழன்றுவிட்டது. வேன்காரர் விளக்கைப் பிடித்துக்கொண்டு நின்றார். சரியாகப் பிடிக்கவில்லை என்று இருபது தடவை திட்டு வாங்கினார். ஒரு தடவைகூட ரோஷம் வரவில்லை.

எஞ்சினைக் கிளப்பியதும் மெல்லிசாக ஒரு விசில் சத்தம் கேட்டது. வேன்காரர் முகம் மலர்ந்துவிட்டது.

"இருங்க இருங்க. இனிமேதான் டீசல் பம்புல ஸ்க்ரூ திருப்பணும். எவ்வளவு திருப்பணும்னு எடை தெரிஞ்சாதான் சொல்ல முடியும். பன்னெண்டு பேரோட எடையும் உங்க எடையும் கொண்டாங்க. அடுத்த ஞாயிறு அவ்வளவு மணல் மூட்டை ஏத்தி மேட்டுல ஓட்டிப் பார்த்துத்தான் திருப்புவேன்."

"எடையா? பொம்பளைங்ககிட்டயா?"

"சலவைக்கூடத்து வாசல்ல தராசு இருக்குமே மாமா. துணி நிறுக்கறது."

"மூட்டை நிறுக்கற தராசுல அவங்களை ஏறச் சொல்றியா? செருப்பால அடிப்பாங்க."

"அப்ப எழுதி வாங்குங்க."

வெள்ளிக்கிழமை சாயங்காலம், எல்லாரும் வேனில் ஏறி உட்கார்ந்ததும் வேன்காரர் ஒரு தாளையும் பென்சிலையும் பின்சீட்டுக்குக் கொடுத்தார். காது சிவந்துபோய், கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே விஷயத்தைச் சொன்னார். "நாலு பேர் நடக்கறது இனிமே வேண்டாம். எஞ்சின் வேலை நடக்குது. எல்லாரும் உங்க எடையை எழுதிக் கொடுங்க. பேர் வேண்டாம், எடை மட்டும் போதும்."

வேன் முழுக்க ஒரே அமளி. "எதுக்கு, எங்களைப் பழைய இரும்புக்குப் போடவா?" என்று ஒருத்தி கேட்டாள். மேடு ஏற வேண்டாம் என்றதும் கொஞ்சம் கொஞ்சமாகச் சத்தம் அடங்கியது. தாள் பின்சீட்டிலிருந்து முன்னால் நகர ஆரம்பித்தது.

நல்ல யோசனைதான். ஒரே ஒரு தப்பு. ஆளுக்கொரு துண்டுத் தாள் கொடுக்காமல், ஒரே தாளைச் சுற்றுக்கு விட்டார். முதலில் எழுதியது, மூட்டைகளுக்குச் சீட்டு ஒட்டுகிற கொத்தவரங்காய்ப் பெண். நாற்பத்தாறு என்று எழுதினாள். அது உண்மைதான். தாளை வாங்கின அடுத்தவள் அந்த நாற்பத்தாறைப் பார்த்தாள். பென்சிலைக் கடித்தாள். ஐம்பத்தொன்று என்று எழுதினாள். அதற்கு அடுத்தவள் ஐம்பத்தொன்றைப் பார்த்தாள். மனுஷ மனம்தானே. தாள் நகர நகர, அந்த வேனில் இருந்தவர்கள் எல்லாருமே ஐம்பதுகளைத் தாண்டாதவர்களாக ஆகிப்போனார்கள். பயணிகளில் ஒரே ஆணான சலவைக்கூடத்துப் பாய்லர்காரர்தான் விலக்கு. எலும்பும் தோலுமான அவர் பெண்களின் எடைகளைப் பார்த்து மானம் போய்விடும் என்று பயந்து, அறுபத்தைந்து என்று அழுத்தி எழுதினார்.

கடைசியாகத் தாள் முன்சீட்டுக்கு வந்தது. பெரியக்கா மேலிருந்து கீழே படித்தார். முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் வயிறு, அப்புறம் சீட்டே குலுங்கியது. கண்ணில் தண்ணீர் வரச் சிரித்துவிட்டு, எதுவும் சொல்லாமல், பென்சிலை வாங்கி நூற்றுப் பன்னிரண்டு என்று கொட்டை எழுத்தில் எழுதினார்.

"என்னக்கா சிரிக்கறீங்க?"

"ஒண்ணுமில்லை தம்பி. எல்லாரும் எவ்வளவு லேசா இருக்காங்க பாருங்க, பூ மாதிரி."

வேன்காரருக்கு அப்போதும் உறைக்கவில்லை. வீட்டுக்குப் போய்க் கடைசி வரியில் தன் எடையையும் எழுதினார்: அறுபத்தெட்டு. கூட்டினால் எழுநூற்று எண்பத்து நாலு வந்தது.

மூன்றாவது ஞாயிறு மச்சான் சாக்குகளில் மணலை நிறுத்துக் கட்டினான். ஒவ்வொரு மூட்டையிலும் சுண்ணக் கட்டியால் எடையை எழுதி, ஒருத்தர் எங்கே உட்காருவாரோ அந்தச் சீட்டிலேயே வைத்தான். முன்சீட்டில் மட்டும் இரண்டு மூட்டை. ஓட்டப்போவது அவனே என்பதால், தன் ஐம்பது கிலோவைக் கழித்து மிச்சம் பதினெட்டை வேன்காரர் கணக்கில் காலடியில் போட்டான். வேன்காரர் கதவு வழியாக எட்டிப் பார்த்தார். பதின்மூன்று சாக்குகள் வரிசையாகச் சீட்டில் உட்கார்ந்திருந்தன, ஒரு பேச்சு மூச்சு இல்லாமல். "இவங்க வாயை மூடிக்கிட்டு வர்றதை இன்னைக்குத்தான்டா பார்க்கறேன்" என்றார்.

முதல் ஓட்டத்தில் வேன் மூன்றாவது வளைவில் திணறியது. மச்சான் இறங்கி பம்பில் கால் சுற்று திருப்பினான். இரண்டாவது ஓட்டத்தில் வளைவைத் தாண்டித் திணறியது. இன்னொரு கால் சுற்று. மூன்றாவது ஓட்டத்தில் வேன் விசில் அடித்துக்கொண்டே உச்சிக்குப் போய் நின்றது. வேன்காரர் கீழேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தார். தன் வயதை மறந்து இரண்டு கையையும் தூக்கி ஒரு குதி குதித்தார்.

"இன்னும் ஒரு ஆள் கூட ஏறினாலும் தாங்கற மாதிரி வெச்சிருக்கேன்" என்றான் மச்சான். "அதுக்கு மேல ஒரு நூல்கூடத் திருப்ப மாட்டேன். புகையில கறுப்பு தெரியுது. இதுதான் இந்த எஞ்சினோட எல்லை."

மாதம் முடிய நாலு நாள் இருந்தது. திங்கட்கிழமை காலை ஏழு இருபதுக்கு வேன் மேட்டின் அடிக்கு வந்தது. வழக்கம்போல நாலு பேர் எழுந்தார்கள். பெரியக்காவின் கை கதவுக்குப் போனது.

"உக்காருங்க" என்றார் வேன்காரர். "எல்லாரும் உக்காருங்க."

வேன் நிற்கவே இல்லை. முதல் வளைவில் விசில் கேட்டதும் பின்னால் பெண்கள் கைதட்டினார்கள். இரண்டாவது வளைவில் ஒருத்தி பாடவே ஆரம்பித்துவிட்டாள். பெரியக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளை மாதிரி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார். வேன்காரருக்கு உச்சி குளிர்ந்துபோயிருந்தது.

மூன்றாவது வளைவின் நடுவில் விசில் மெல்ல இறங்கியது. காற்றுச் சக்கரத்துக்கு ஒரு குணம் உண்டு. வேகம் கொஞ்சம் குறைந்தால் காற்று குறையும், காற்று குறைந்தால் வேகம் இன்னும் குறையும். வேன்காரர் மிதிக்கிற மட்டும் மிதித்தார். வண்டி நாலு தடவை உலுக்கிப் போட்டது, கறுப்பாக ஒரு புகை விட்டது, நின்றது. பாட்டும் நின்றது.

பின்னாலேயே மோட்டார் சைக்கிளில் வந்த மச்சான் ஓடிவந்து சக்கரத்துக்குப் பின்னால் கல்லை வைத்தான். பானெட்டைத் தூக்கினான், குழாய்களைத் தொட்டான், எண்ணெய் பார்த்தான்.

"எல்லாம் சரியாத்தான் இருக்கு மாமா. நேத்து ஏறின வண்டி. பட்டியல்ல இல்லாத ஆள் யாராவது ஏறியிருக்காங்களா?"

"அதே பன்னெண்டு பேர்தான்டா."

"மூட்டை, கீட்டை?"

"சாப்பாட்டு டப்பா தவிர ஒண்ணும் இல்லை."

மச்சான் தலையைச் சொறிந்துகொண்டு வேனுக்குள் பார்த்தான். எல்லாரும் அவரவர் டப்பாவைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அப்போது முன்கதவு திறக்கிற சத்தம் கேட்டது. "விடுங்க தம்பி. எவ்வளவு பாடு பட்டுட்டீங்க, அதுவே போதும்" என்றார் பெரியக்கா. குரலில் வழக்கமான கேலியைக் கொண்டுவரப் பார்த்தார், வரவில்லை. "பாரம் நான்தான். நாலு நாள்தானே இருக்கு, நடந்துக்கறேன்." கம்பியை இரண்டு கையாலும் பிடித்து ஒரு காலைக் கீழே நீட்டினார். தரை எட்டியதும் முகம் சுருங்கியது. உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"அக்கா, இறங்காதீங்க!"

கத்தினது மடிப்பு மேசைக்காரி. வேனிலேயே வாய் நீளம் அவளுக்குத்தான், யாருக்கும் பணியாதவள். எழுந்து நின்று, கூரை இடிக்கத் தலையைக் குனிந்துகொண்டு சொன்னாள்.

"நான் அம்பத்தி நாலு இல்லை."

மற்றவர்கள் டப்பாவிலிருந்து தலை தூக்கினார்கள்.

"அறுபத்தி ஒம்போது." அவளுக்கு அழுகை வந்துவிட்டது, அதை மறைக்கக் கோபம் வந்தது. "முன்னாடி இருந்தவ அம்பத்தி மூணுன்னு எழுதியிருந்தா. நான் மட்டும் என்ன பண்றது?"

"நானும் அம்பத்தி மூணு இல்லைடி" என்றாள் முன்னாடி இருந்தவள். "அறுபத்தி நாலு. அதுவும் போன வருஷம் பார்த்தது."

அப்புறம் அணை உடைந்துவிட்டது. எழுபத்திரண்டு. அறுபத்தாறு. "எனக்கு எவ்வளவுன்னே தெரியாது, பயமா இருக்குன்னு பார்க்கறதே இல்லை." ஆளுக்கு ஆள் எண்ணைச் சொல்லிக்கொண்டே பின்கதவு வழியாக இறங்கினார்கள். பாவத்தைச் சொல்லிவிட்டு வெளியே வருகிற மாதிரி ஒவ்வொருத்தி முகத்திலும் ஒரு நிம்மதி. கொத்தவரங்காய்ப் பெண், "நான் சரியாத்தான் எழுதினேன். ஆனா நானும் வர்றேன்" என்று குதித்தாள். பாய்லர்காரர் கடைசியாக எழுந்தார்.

"நான் அம்பத்திரண்டு. கூட்டி எழுதிட்டேன்."

"நீங்க உக்காருங்கண்ணே" என்றான் மச்சான். "இந்தக் கூட்டத்துலயே வண்டிக்கு உதவி பண்ணின பொய் உங்களோடது ஒண்ணுதான்."

வேன்காரருக்கு வந்ததே கோபம். மூன்று ஞாயிறு, முழங்கைத் தோல், மணல் மூட்டை எல்லாம் கண் முன்னால் வந்தது. சீட்டில் இருந்தபடியே கத்தினார். "எழுதறதுக்கு முன்னாடி ஒரு நிமிஷம் யோசிச்சீங்களா? ஒரு மனுஷியோட பொழைப்பு இதுல இருக்கு. ஒரு நம்பரை நிஜமா எழுத இத்தனை பேர்ல ஒருத்தருக்குத்தான் தைரியம் இருந்திருக்கு!"

"மாமா" என்றான் மச்சான், குரலைத் தாழ்த்தி. "உங்களது?"

"என்னது?"

"அறுபத்தெட்டுன்னு எழுதியிருக்கீங்க."

"லைசென்ஸ் புதுப்பிக்கறப்ப டாக்டர் எழுதினது அதுதான்டா."

"அது எப்போ?"

வேன்காரர் விரலை மடக்கினார். பதினோரு வருஷம். இந்தப் பதினோரு வருஷத்தில் அவர் தராசில் ஏறியதே இல்லை. பொய் சொல்கிறோம் என்ற நினைப்புகூட அவருக்கு வந்ததில்லை.

"எங்க அக்கா உங்க பேண்ட் இடுப்பை மூணு தடவை பிரிச்சுத் தெச்சிருக்கு மாமா. எண்பத்தஞ்சுக்குக் குறையாது."

பெண்கள் சிரித்திருக்கலாம். அவர்களுக்கு உரிமை இருந்தது. ஒருத்திகூடச் சிரிக்கவில்லை. வேன்காரர் ஸ்டியரிங்கிலிருந்து கையை எடுத்தார். இந்த மூன்று வருஷமும் வண்டியில் பாரம் அதிகம் என்று மற்றவர்களை இறக்கிவிட்டிருக்கிறார். தன்னையும் வண்டி சுமக்கிறது என்பது ஒரு நாள்கூடத் தோன்றியதில்லை. சாவியை அப்படியே விட்டுவிட்டு இறங்கினார்.

"நீ ஓட்டு. அக்கா, நீங்க ஏறுங்க."

"தம்பி..."

"ஏறுங்கக்கா. கெஞ்சிக் கேட்டுக்கறேன்."

பெரியக்கா ஏறினார். அவரும் பாய்லர்காரரும் மட்டும். கால் திருகு வண்டியைக் கிளப்பினான். வேன் ஒரு முனகல்கூட இல்லாமல் வளைவில் திரும்பி மறைந்தது.

வேன்காரர் பெண்களோடு நடந்தார். தினம் இரண்டு தடவை ஏறி இறங்குகிற பாதைதான். ஆனால் காலால் ஏறியது இல்லை. ஐம்பது அடி போனதும் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. நூறு அடியில் காதுக்குள் இடித்தது. அதற்கு அடுத்த வளைவில் பாதை ஓரத்தில் ஒரு தட்டைக் கல். அதன்மேல் பழைய விரிப்பு ஒன்றை யாரோ நாலாக மடித்துப் போட்டிருந்தார்கள்.

"இது யார் வெச்சது?"

மடிப்பு மேசைக்காரி கொஞ்சம் தயங்கினாள். "நான்தாண்ணே. அக்காவுக்கு. இங்க வந்ததும் உக்காந்துடுவாங்க. இப்ப ஒரு வருஷமா வலி தாங்காம அழுவாங்கண்ணே. அழுது முடிச்சு முகத்தைத் துடைச்சுக்கிட்டுத்தான் மேல வருவாங்க."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாங்க. 'அவரு வண்டியைப் பத்திக் கவலைப்படறதே போதும், நம்மளைப் பத்தியும் பட்டா ஒடைஞ்சு போயிடுவாரு'ன்னு."

வேன்காரர் குனிந்து விரிப்பை நீவி விட்டார். தினமும் மேலே வேனைத் துடைத்துக்கொண்டு, பெரியக்கா ஏன் பத்து நிமிஷம் தாமதம் என்று கேட்டு, "அரட்டைதான் தம்பி" என்ற பதிலைக் கேட்டு, அவரும் சிரித்திருக்கிறார். நடந்துகொண்டே பெண்கள் பேசி முடிவு செய்தார்கள். உண்மையான எடைகளைக் கொத்தவரங்காய்ப் பெண் மனக்கணக்காகக் கூட்டிச் சொன்னாள். பெரியக்கா உள்ளே இருந்தாலும் மூன்று பேர் இறங்கினால் வண்டி ஏறிவிடும். டர்போ வருவதற்கு முன்னால் இது நடக்காத காரியம். ஆக மச்சான் உழைப்பு வீண் இல்லை. தினம் மூன்று பேர், முறை வைத்து. அக்காவுக்கு முறை கிடையாது. "அதுக்கும் அக்கா ஒத்துக்கலைன்னா?" என்று ஒருத்தி கேட்டாள். "ஒத்துக்காம என்ன? நாம எழுதின பொய்க்குத் தண்டனைன்னு சொல்லிக்குவோம். அபராதத்தை அவங்க எப்படித் தடுப்பாங்க?" என்றாள் மடிப்பு மேசைக்காரி.

உச்சிக்கு வந்தபோது வேன்காரருக்குக் கண் இருட்டியது. இடுப்பில் கை வைத்துக்கொண்டு, மீன் மாதிரி வாயைத் திறந்து மூடினார். வேன் வாசலில் நின்றது. பெரியக்கா இன்னும் உள்ளே போகாமல் முன்கதவுப் படியில் உட்கார்ந்திருந்தார். பெண்கள் அவரைச் சூழ்ந்துகொண்டு அபராதத்தைப் பற்றிச் சொன்னார்கள். அவர் ஒவ்வொருத்தி முகமாகப் பார்த்தார். வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்தார், யாரும் விடவில்லை. கடைசியில் முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு, "பட்டியலைப் பார்த்தப்பவே எனக்குத் தெரியும்டி. உங்க மானத்தை நான் எப்படிக் கூட்டிக் காட்டறது?" என்றார். "மாசக் கடைசின்னு மேனேஜர்கிட்ட இன்னும் சொல்லலை. சொல்லாம இருந்தது நல்லதாப் போச்சு."

மணி அடித்தது. பெண்கள் உள்ளே ஓடினார்கள். பெரியக்கா மெல்ல எழுந்து, தான் வந்த பாதையைத் திரும்பிப் பார்த்தார். மூன்று வருஷமாக நடந்தே ஏறின மேடு. கீழே அடிவாரம் வரை எல்லா வளைவும் தெரிந்தது. கையைக் கண்ணுக்கு மேல் வைத்துக்கொண்டு, நம்ப முடியாதவர் போல வெகு நேரம் பார்த்தார்.

"தம்பி" என்றார். "கல்லு இருக்கற வளைவு வந்துடுச்சான்னு பார்க்கறதுக்குள்ள மேல வந்துட்டோம். இந்த மேடு இவ்வளவு சின்னதா?"

பதில் சொல்ல வேன்காரருக்கு மூச்சு வரவில்லை.